அக்காவின் ஐந்து சோக்குகள்

போன மாதம் எங்கள் வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த டியூப் லைட்டைக் கழற்றினார்கள். எலெக்ட்ரீஷியன் தம்பி பழைய பட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சோக்கை என் கையில் வைத்து, "இது இனி வேஸ்ட்டும்மா" என்றார். அரைச் செங்கல் அளவுகூட இல்லை. ஆனாலும் கை தாழ்ந்தது. நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கனம் தெரியும். வோல்டேஜ் குறைந்த நாட்களில் டியூப் எரியாமல் கண் சிமிட்ட, இது மட்டும் மேலே உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும். நாம் அதன் அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறோம். ஒரு நாளாவது அது எதற்கு இருக்கிறது என்று நினைத்திருப்போமா? நான் ஒரு காலத்தில் நினைத்தேன். நினைக்கும்படி ஆயிற்று.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. வீடு சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில். அப்பா, எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேலை முடிந்து வந்தால் குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிற்கும். "பொறின்னு ஒண்ணு நம்ம வாசல்ல விழக்கூடாது" என்பது வீட்டுச் சட்டம். கார்த்திகைக்குக்கூட நாங்கள் மத்தாப்புப் பிடித்ததில்லை.

அம்மா வீட்டிலிருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். அதற்கென்று கட்டுக்கட்டாகக் கழிவுக் காகிதம் வரும். எங்கெங்கிருந்தோ வந்த பழைய பத்திரிகைகள், வெளிநாட்டுப் புத்தகங்கள். அம்மா பசை தடவுவதற்குள் அக்கா ஒவ்வொன்றையும் ஒரு கண் பார்த்துவிடுவாள். அப்படிக் கிடைத்ததுதான் அந்த நாலு பக்க ஆங்கிலக் கட்டுரை. வீட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு டெஸ்லா சுருள் ஒன்று செய்து, செயற்கையாக மின்னலை வரவழைப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். குழாயில் எத்தனை சுற்று கம்பி, பாட்டிலில் எவ்வளவு உப்புத் தண்ணீர் என்று எல்லாம் இருந்தது. நாலாம் பக்கத்தின் கடைசியில், "டிரான்ஸ்பார்மருக்குள் போகும் கரண்டை ஓர் அளவுக்குள் நிறுத்தாவிட்டால்" என்ற இடத்தில் நின்றுபோயிருந்தது.

அடுத்த பக்கம் இல்லை. அதை அம்மா முந்தின நாளே சுருட்டி அனுப்பியிருந்தாள். எந்த ஊரிலோ எந்தப் பிள்ளையோ அதைக் கொளுத்திக் கைதட்டியிருக்கும்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, விருதுநகரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு மில்லில் கழித்துப்போட்ட சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கிடந்தது. தலையில் இரண்டு பீங்கான் கொம்பு. பதினோராயிரம் வோல்ட்டை நூற்றுப்பத்தாகக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கிற சின்ன டிரான்ஸ்பார்மர் அது. திருப்பிப் போட்டு, இந்தப் பக்கம் நூற்றுப்பத்தைக் கொடுத்தால் அந்தப் பக்கம் பதினோராயிரம் வரும் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"இத எனக்குத் தருவீகளா மாமா?"

"எதுக்குத் தாயி, கல்யாணச் சீருக்கா?"

"பள்ளிக்கூடத்துல கண்காட்சி. நான் வீட்டுக்குக் கொண்டுபோகல. இங்கனயே வச்சு வேல பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அக்காவும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் அம்மா சொல்லிவிடுவாள். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. கடையின் பின்கட்டில், துருவும் பழைய ஆயிலும் நாறுகிற இடத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாயில் மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றினோம். அக்கா குழாயைத் திருப்புவாள், நான் கம்பியை விரலால் நெருக்கிக்கொண்டே எண்ணுவேன். எண்ணூற்றுச் சொச்சத்தில் எனக்கு ஒரு தும்மல் வந்து கம்பி நழுவ, முக்கால்வாசி அவிழ்ந்துபோனது. அக்கா திட்டவில்லை. அன்று திட்டியிருந்தால் பிறகு நடந்தது நடக்காமல் இருந்திருக்குமோ என்று சில சமயம் தோன்றும். அசட்டு எண்ணம்தான்.

முதல் முறை சுவிட்சைப் போட்டபோது 'டப்' என்று கடையின் பியூஸ் போனது. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை அந்த வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் கரண்ட் போனது. "ஏ தாயி, தெரு முச்சூடும் இருட்டாயிருச்சு. லைன்மேன் வந்து என்னைய ஏசுதாரு" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் அக்கா அந்த நாலு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் டியூப் லைட் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. சாதத்தில் கை வைத்தபடி அண்ணாந்து பார்த்தவள், அப்படியே இருந்தாள்.

"சின்னவளே, பொறி தாண்டுற நேரத்துல காத்தே கம்பி மாதிரி ஆயிருது. ரெண்டு முனையும் ஒட்டுனது போலத்தான். அதான் பெட்டி லைன்ல இருக்கிற அம்புட்டையும் இழுக்கு. சரி, இந்த டியூப்புக்குள்ள எரியுறதும் பொறிதான? இது ஏன் பியூஸப் போக்கல?"

எச்சில் கையால் டியூப் பட்டியைக் காட்டினாள்.

"சோக்கு இருக்குல்லா! அது முன்னாடி நின்னு, இம்புட்டுத்தான் போகலாம்னு சொல்லுது."

மாமா கடையில் கழித்துப்போட்ட சோக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பலகையில் சோக்குகளைப் பக்கம் பக்கமாக ஆணியடித்து, சுவரிலிருந்து வரும் கரண்ட் அவற்றின் வழியாகத்தான் பெட்டிக்குள் போகவேண்டும் என்று அமைத்தாள். ஒவ்வொரு சோக்கும் ஒரு தனி வழி; எத்தனை வழி திறக்கிறோமோ அவ்வளவு கரண்ட் போகும். ஒன்றை மட்டும் இணைத்தால் முனகல்தான், பொறியே இல்லை. இரண்டில், பொறி தாண்டுவதற்காக எதிரெதிரே வைத்திருந்த இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே நீலமாக ஒரு துப்பல். ஒவ்வொன்றாகக் கூட்டினாள். ஐந்தாவதில், சுருளின் உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிளை கிளையாகக் காற்றில் நீண்டது. புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம். மழை வருவதற்கு முன்னால் வருமே, மூக்கைக் கூசச்செய்கிற ஒரு வாசனை, அது பின்கட்டு முழுக்க நிறைந்தது. மாமா தூரத்தில் நின்றபடியே கும்பிட்டார். ஆறாவதையும் சேர்த்தாள். பொறி இன்னும் கொஞ்சம் நீண்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அக்கா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள்.

"வேண்டாம். அஞ்சுதான்" என்று ஆறாவதன் கம்பியைக் கழற்றிவிட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கண்காட்சி நடந்தது ஆவணி மாதத்தில். தீபாவளிப் பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் பள்ளிக்கூடம் சிவகாசியில், பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. கண்டிப்பானவர், ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் கையால் நோட்டு வாங்கிக் கொடுப்பவர். சிறப்பு விருந்தினராக வந்தவர் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. அவரையும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எங்கள் வகுப்பறைகளில் பாதி அவர் கட்டிக்கொடுத்ததுதான்.

ஹாலின் ஜன்னல்களைச் சாத்தி இருட்டாக்கி, அக்கா கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிறுத்தி, சுவிட்சைப் போட்டாள். ஒரு சாண் மின்னல். பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே, "யாரு மக?" என்று கேட்டார். "உங்க போர்மேன் மக ஐயா" என்றார் பெரிய டீச்சர்.

"அட, நம்ம பிள்ளையா! நல்லாத்தான் செஞ்சிருக்கு. ஆனா நம்ம கம்பி மத்தாப்பே இதவிடப் பெருசாப் போகுமேம்மா. இன்னும் நீளமா வராதா?"

"வராது ஐயா. இதுக்கு மேல விட்டா பெட்டி தாங்காது."

முதலாளி தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவருக்கு அது அத்தோடு முடிந்த விஷயம். பெரிய டீச்சருக்கு முடியவில்லை. போட்டோக்காரர் வந்ததும் முதலாளியை மறுபடியும் எங்கள் மேசைக்கு அழைத்து வந்தார். அப்போது அக்கா அங்கே இல்லை. உப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்று விரிசல் விட்டிருந்ததால், மாற்றுப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

"நீ கூடவே இருந்து செஞ்சவதானே?" என்று பெரிய டீச்சர் என்னைக் கேட்டார். "அவளுக்குப் பயம். இத எப்படிப் பெருசாக்கணும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். பெட்டி தாங்காது என்பதும் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு பெரிய மனிதர்கள் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"தெரியும் டீச்சர்" என்றேன்.

மேசையில் கிடந்த ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, பலகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இணைத்தேன். சோக்குகள் இருந்தபடியே இருந்தன. கரண்ட்தான் இனி அவற்றைத் தொடாமல் நேராகப் பெட்டிக்குள் போகும். சுவிட்சைப் போட்டேன்.

ஒரு முழம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கும். அந்த மின்னல் ஹாலின் கூரையையே பார்த்து எழும்பியது. முதலாளி "அப்படிப் போடு!" என்று கை தட்டினார். அந்த இரண்டு மூச்சு நேரத்துக்கு இருந்ததைப் போல நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்தேனா என்று தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜம்.

பிறகு பெட்டி உறுமியது. ஒயரின் ரப்பர் உருகி நாறியது. அந்த நேரம் பியூஸ் போயிருக்க வேண்டும், போகவில்லை. அடிக்கடி போகிறதென்று யாரோ அங்கே தடிமனான கம்பியை முறுக்கி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பாட்டில் ஒன்று வெடித்தது. அந்தச் சத்தம் போதும். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கால் தானாக வெளியே ஓடும். ஹால் காலியானது. நான் அசையாமல் நின்றிருந்தேன். ஓடுகிறவர்களுக்கு எதிரே புகைக்குள் வந்தது அக்கா மட்டும். சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதே நேரம் பெட்டியின் மூடி பிளந்து, உள்ளே கம்பிச் சுற்றின் மேல் ஊற்றியிருந்த தார் கொதித்து அவள் கையில் தெறித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

"பிள்ள கணக்க தப்பாப் போட்டுட்டா ஐயா" என்று பெரிய டீச்சர் வாசலில் நின்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் பலகையைப் பார்த்தாள், நான் இணைத்த கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் செய்தி அவருக்குப் போயிருந்தது. முதலாளியே சொல்லியிருக்கிறார். குளிக்காமல், பொடி அப்பிய சட்டையோடு, கட்டுப்போட்ட அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். அடிக்கப்போகிறார் என்று அம்மா நடுவில் நின்றாள்.

"அளவு தப்பாமே?"

"அளவு சரிதாம்ப்பா."

"பெறகு எப்படி?"

அக்கா கட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நாந்தாம்ப்பா" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அத எடுத்தா தாங்காதுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்ச?"

"பெரியவுக கேட்டாகப்பா."

"கேட்டாக... குடுத்துட்ட" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல். பிறகு அக்காவிடம், "அது என்ன சோக்கு? எதுக்கு அது?" என்று கேட்டார். அவள் செய்த ஒன்றைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அக்கா விளக்கினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அந்தப் பெட்டிக்குப் போதும்னு சொல்லத் தெரியாதுப்பா. பொறி கேக்கக் கேக்க லைன்ல இருந்து இழுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கும், தான் வேகுற வரைக்கும். அதனால முன்னாடி ஒண்ணு நின்னு தடுக்கணும்."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மகள் கை வெந்ததற்காக என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெடிமருந்து அடைக்கிற அறை ஒன்றுக்கு நாலு பேர்தான் உட்காரலாம் என்பது விதி என்றும், ஆடி பிறந்ததிலிருந்து அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் எங்களுக்கு அப்போது தெரியாது. "ஆர்டர் நிக்குதுய்யா, கொஞ்சம் பாத்துக்கிடும்" என்று முதலாளி கேட்டிருக்கிறார். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அவர் ஒவ்வோர் அறையிலிருந்தும் மூன்று மூன்று பேரை எழுப்பி வெளியே அனுப்பினார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். தீபாவளிக்கு நம்பியிருந்த கூலி அது. முதலாளி கூப்பிட்டு நயமாகச் சொன்னார், பிறகு கோபமாகச் சொன்னார். "நாலு பேருதான்யா" என்று அப்பா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்த வாரம் முடிவதற்குள், நடுப்பகலில், சாப்பிடாத தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போய்விட்டது. அவர் இடத்துக்கு வேறொரு போர்மேன் போனார். அறைகளில் மறுபடியும் ஏழு பேர் உட்கார்ந்தார்கள்.

ஊர் சிரித்தது. பெண் பிள்ளைகளின் விளையாட்டால் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். மாமாவும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். அம்மா அப்பாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். குழாய் சுருட்டுவதைக் கூட்டினாள். அப்பா தினமும் சாயங்காலம், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில், கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிடுகிற இடத்தில் போய் நிற்பார். முதலாளி காலில் விழுந்து வேலையைத் திரும்பக் கேட்கத்தான் நிற்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போதுதான் நான் ஒன்று செய்தேன். ராத்திரி படுக்கும்போது, அந்தக் கம்பெனி வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெடித்தால் எங்கள் அப்பா சொன்னது சரி என்று ஊருக்குத் தெரியுமே! பல நாள் வேண்டினேன். ஒரு நாள் அக்காவின் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவளிடமே சொன்னேன்.

வெந்த கையாலேயே ஓங்கி அறைந்தாள். புண் கிழிந்து கட்டுத் துணியில் ரத்தம் பரவியது.

"அங்கன உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியுமாட்டி? ஒங்கூடப் படிக்கிறவளோட அம்மா உக்காந்திருக்காக. அப்பா தப்புன்னே ஊரு பேசட்டும். தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்!"

கரண்டை நான் சோக்கைத் தாண்டவிட்டதற்கு அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடித்தது இதற்குத்தான். அக்கா இப்போது தூத்துக்குடியில் இருக்கிறாள். இயற்பியல் படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் அதையே முப்பது வருஷம் நடத்தி ஓய்வு பெற்றாள். தழும்பு மறைய முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். பெரிய டீச்சர் கடைசி வரை அவள் கணக்குத்தான் தப்பு என்று சொல்லிவந்தார். போய் உண்மையைச் சொல்லலாமா என்று நான் ஒரு முறை கேட்டேன். "சின்னவளே, ஒங்கிட்ட கேட்டதே அவுகதான? நீ கம்பியக் கட்டும்போது பக்கத்துல நின்னவுகதான" என்றாள்.

அந்த சீசனில் அந்தக் கம்பெனியில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு பேர் உட்கார்ந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சொன்னது சரியென்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை; இன்றைக்கும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பெனியில் அந்த சீசனின் கடைசி வேலைநாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி அம்மா என்னை விலக்குக்கு அனுப்பினாள். அவர் பெட்டிக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது. கையும் முகமும் வெள்ளியாக, தூக்குவாளிகளோடு பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்பாவின் உதடு அசைந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். இறங்கியவர்களை எண்ணினார், பிறகு எட்டிப் பார்த்து, அடுத்த ஊருக்காக உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினார்.

மரத்தடிக்கு அனுப்பப்பட்ட பெண்களில் ஒருவர் அப்பாவைப் பார்த்துவிட்டு நின்றார். குரலில் கேலி இருந்தது.

"என்னண்ணே, இன்னும் நிக்கீக? அதான் சீசனே முடிஞ்சுபோச்சே. ஒண்ணும் ஆகலயே!"

"ஆகலம்மா" என்றார் அப்பா. "அதப் பாக்கத்தான் நிக்கேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பஸ் நகர்ந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வந்துட்டாக. வா, சாப்பிடப் போவோம்."